நீண்ட எண்ணிக்கையின் படச்சுருள்: ஒரு 16 எம்.எம். பிரதியைச் செப்பனிட்ட பதிவு

1927 செப்டம்பர் 22 அன்று இரவு, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருக்க, உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டப் போட்டியின் ஏழாம் சுற்றில் ஜாக் டெம்ப்ஸியின் தொடர் குத்துகளைத் தாங்க முடியாமல் ஜீன் டன்னி கயிற்றோரம் சரிந்து உட்கார்ந்தார். விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழாவிட்டால் தோற்றவர் ஆவார்; எதிராளியை வீழ்த்தியவர் தொலைவிலுள்ள நடுநிலை மூலைக்குச் சென்ற பிறகே எண்ணிக்கை தொடங்க வேண்டும் என்ற விதி அந்தப் போட்டிக்கு நடைமுறையில் இருந்தது. டெம்ப்ஸி அங்கே போகாமல் அருகிலேயே நின்றார். நடுவர் டேவ் பேரி அவரை வற்புறுத்தி அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, மேடையோரம் அமர்ந்திருந்த நேரக் கணிப்பாளர் பால் பீலர் ஐந்து வரை எண்ணியிருந்ததாகவே பெரும்பாலான விவரணைகள் கூறுகின்றன. பேரி அதைத் தொடராமல் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார்; ஒன்பதில் டன்னி எழுந்தார். பத்துச் சுற்றுகள் முடிந்தபோது புள்ளிகளின் அடிப்படையில் டன்னி வென்று தம் பட்டத்தைக் காத்துக்கொண்டார். ‘நீண்ட எண்ணிக்கை’ என்று பெயர்பெற்ற இந்த நிகழ்ச்சியில் அவர் தரையில் இருந்தது உண்மையில் எத்தனை நொடி என்ற வழக்குக்கு இன்றுவரை படச்சுருளே முதல் சாட்சியாக அழைக்கப்படுகிறது.

அந்த ஏழாம் சுற்றைக் கொண்ட ஒரு 16 எம்.எம். (16 மில்லிமீட்டர் அகலப் படச்சுருள்) பிரதி சென்ற ஆண்டு மார்ச் மாதம் என் கைக்கு வந்தது. சிகாகோவின் மேற்குப் புறநகரில், காலமான ஒரு சேகரிப்பாளரின் வீட்டுப் பொருள்களை அவருடைய குடும்பத்தினர் விற்றுக்கொண்டிருந்தபோது, கார் கொட்டகையின் மேல்தட்டில் கிடந்த எட்டுத் தகர டப்பாக்களை மொத்தமாக 60 டாலருக்கு வாங்கினேன். ஏழு டப்பாக்களில் குடும்ப விழாக்களும் மீன்பிடிப் பயணங்களும் இருந்தன; அவற்றை அக்குடும்பத்தினரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எட்டாவது டப்பாவின் மூடியில் பென்சிலால் இரண்டு பெயர்களும் 1927 என்ற ஆண்டும் எழுதப்பட்டிருந்தன. மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. அதைத் திறந்தவுடன் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல் ஒரு புளித்த வாடை எழுந்தது.

அந்த வாடைக்கு மதிப்புக் கொடுத்து அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். ஆவல் மிகுதியால், என்னிடமிருந்த பழைய புரொஜெக்டரில் சுருளை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். இரண்டு நிமிடங்கள்கூட ஓடவில்லை. பற்சக்கரத்தில் படம் வழுக்கி, மேல் வளையம் காணாமற்போய், நான்கு ஓரத்துளைகள் கிழிந்தன. எழுபது ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்திருந்த பொருளை நான் ஒரே மாலையில் சேதப்படுத்தினேன். பழைய சுருள் எதையும் அளந்து பார்க்காமல் பற்சக்கரத்தில் ஏற்றக் கூடாது என்பதை இதைப் படிப்பவர்கள் என் கிழிசலைக் கொண்டே தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த நாளிலிருந்து முறையாகத் தொடங்கினேன். முதலில் அறிய வேண்டியது படத்தின் அடித்தளம், அதாவது படம் பதிந்த பூச்சைத் தாங்கும் பட்டை, எதனால் ஆனது என்பது. 1927-ல் அரங்கிலிருந்த கேமராக்களில் ஓடிய 35 எம்.எம். நெகட்டிவ்கள் நைட்ரேட் தளத்தில் இருந்தவை. நைட்ரேட் தீப்பிடித்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிட்டுக்கொள்வதால் தண்ணீரில் அமிழ்த்தினாலும் அணையாது. 1923-ல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 16 எம்.எம். படத்தை வீடுகளுக்கென்று அறிமுகப்படுத்தியபோது, இந்த அபாயத்தைத் தவிர்ப்பதற்காகவே அதை அசிட்டேட் தளத்தில் மட்டும் செய்தது. என் சுருளின் ஓரத்திலும் ‘சேஃப்டி’ என்ற சொல் தெளிவாக இருந்தது. அதையடுத்து ஆண்டைக் காட்டும் சிறிய வடிவக் குறிகள் இருந்தன. கோடாக்கின் இக்குறிகள் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருபவை என்பதால், அவற்றை மட்டும் நம்பி ஒரு பிரதியின் வயதைச் சொல்ல முடியாது. ஆயினும் இந்தப் பிரதியில் ஒரு பக்கம் ஓரத்துளைகளும் மறுபக்கம் ஒலித்தடமும் இருந்தன. மௌனமாக எடுக்கப்பட்ட காட்சிக்குப் பின்னாளில் வர்ணனை சேர்த்து வெளியிடப்பட்ட பிரதி இது என்பது அதிலிருந்து விளங்கியது.

அசிட்டேட் எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் அது அழுகும். ஈரமும் வெப்பமும் சேரும்போது தளத்திலிருந்து அசிட்டிக் அமிலம் பிரிகிறது; அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுகிறது. இந்நோயை வினிகர் சின்ட்ரோம் என்று சேகரிப்பாளர்கள் அழைக்கின்றனர். அதன் நிலையை அறிய ஏ-டி பட்டைகள் என்ற நிறம் மாறும் சோதனைத் தாள்கள் கிடைக்கின்றன. ஒரு தாளைச் சுருளுடன் டப்பாவில் மூடி அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்தேன். தொடக்கத்தில் நீலமாக இருந்த தாள், நீலம் கலந்த பச்சையாக வெளிவந்தது. இப்பட்டைகளின் நிற அளவுகோலில், சிதைவு தன்னைத்தானே விரைவுபடுத்திக்கொள்ளும் புள்ளி 1.5 எனக் கணக்கிடப்படுகிறது. என் சுருள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் நின்றது. காப்பாற்றும் வேலைக்கு இன்னும் காலம் இருந்தது. ஆனால் தள்ளிப்போடக் காலம் இல்லை. அமில ஆவி பிற சுருள்களையும் தாக்கும் என்பதால், இதை என் மற்றச் சேகரிப்பிலிருந்து விலக்கி வேறோர் அறையில் வைத்தேன்.

சுருக்கத்தை அளப்பது எளிய வேலைதான், ஆயினும் எல்லா முடிவுகளும் அதைப் பொறுத்தவை. 16 எம்.எம். பிரதியில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே 7.62 மி.மீ. இருக்க வேண்டும், அதாவது 100 பிரேம்கள் (சுருளிலுள்ள தனித்தனிப் படங்கள்) 762 மி.மீ. நீளம் கொண்டிருக்க வேண்டும். ஒளிமேசையில் எஃகு அளவுகோலை வைத்து மூன்று இடங்களில் அளந்தேன், 756 மி.மீ. வந்தது. ஏறத்தாழ 0.8 சதவீதச் சுருக்கம். ஒரு சதவீதத்தைத் தாண்டினால் பற்சக்கரம் உள்ள எந்தக் கருவியும் படத்தைக் கிழிக்கும் என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை; நான் அந்த எல்லைக்கு மிக அருகில் இருந்தேன். இனி இந்தச் சுருளைப் பல்லில்லாத உருளைகளின் மீது மட்டுமே நகர்த்துவது என்று அப்போதே தீர்மானித்தேன்.

பிறகு கைச்சுற்றிகளுக்கு இடையே சுருளை அடி அடியாக நகர்த்தி, பூதக்கண்ணாடியால் பார்த்து, ஒவ்வொரு பழுதையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். கிழிந்த துளைகள் 31. இவற்றில் நான்கு என் கைங்கரியம். பழைய ஒட்டுகள் 14. நம் ஊர்த் தியேட்டர் ஆப்பரேட்டர்கள் இவற்றை ‘ஜாயின்ட்’ என்பார்கள். ஐந்து ஒட்டுகள் ஃபிலிம் சிமெண்ட் என்ற ஒட்டுத்திரவத்தால் செய்யப்பட்டவை. அவை இன்னும் உறுதியாகவே இருந்தன. மீதி ஒன்பதும் காகிதக் கடைகளில் விற்கும் சாதாரண ஒட்டுநாடாவால் செய்யப்பட்டவை. அந்த நாடாவின் பசை மஞ்சளாகி, இளகி, அடுத்த சுற்றின் மீதும் ஒட்டிக்கொண்டிருந்தது. தூசியோடு இறுக்கிச் சுற்றியதால் விழுந்த நீளக் கீறல்கள் நிறைய இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை தளத்தின் பக்கமாகவே இருந்ததால் படம் பதிந்த பூச்சு தப்பியிருந்தது.

ஒட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிமெண்ட் ஒட்டு உறுதியானது. ஆனால் அதற்கு ஒரு முனையின் பூச்சைச் சுரண்டி எடுத்து, மறுமுனையை அதன் மேல் ஏற்றி ஒட்ட வேண்டும் என்பதால் ஒவ்வோர் ஒட்டிலும் படத்தின் ஒரு பகுதி பலியாகிறது. நான் செய்யவிருந்ததோ பிரேம்களை எண்ணும் வேலை. அதில் ஒரு பிரேமையும் இழக்க எனக்கு மனமில்லை. ஆகவே துளையிட்ட பாலியஸ்டர் ஒட்டுநாடாவைத் தேர்ந்தெடுத்தேன். முனையோடு முனை சேர்த்து மேலே நாடாவைப் பதித்தால் ஒரு பிரேம்கூடக் குறையாது. பழைய நாடாவை உரிப்பதற்கு ஒவ்வோர் ஒட்டுக்கும் ஏறத்தாழ அரை மணி நேரம் ஆனது. பஞ்சுக் குச்சியில் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலை நனைத்து, ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பசையை இளக்கி, நைலான் கத்தியால் மெல்லத் தூக்க வேண்டும். படம் பதிந்த பக்கத்தை முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்து, பூச்சு கரையவில்லை என்று உறுதியான பிறகே தொடர்ந்தேன். ஒன்பதில் இரண்டு இடங்களில் நாடாவின் அடியில் முழுப் பிரேம்கள் மடங்கி மறைந்திருந்தன. பல பத்தாண்டுகளாக எந்தத் திரையிலும் தோன்றாத அந்த மூன்று பிரேம்களும் நிமிர்ந்து வெளிவந்த மாலையில் நான் அடைந்த மகிழ்ச்சி பெரிது.

இவ்வளவு சிரமம் ஒரு சாதாரண வீட்டுப் பிரதிக்குத் தேவையா என்று நண்பர்கள் கேட்டனர். குத்துச்சண்டைப் படங்கள் எப்படி அரிதாயின என்பதை அறிந்தால் இந்தக் கேள்வி எழாது. அமெரிக்கத் திரைப்படத்தின் குழந்தைப் பருவத்தில் அதிகமாகப் படமாக்கப்பட்டவற்றுள் குத்துச்சண்டையும் ஒன்று. 1897 மார்ச் 17 அன்று நெவாடாவின் கார்சன் சிட்டியில் கார்பெட்டும் ஃபிட்ஸிம்மன்ஸும் மோதியதை ஈனாக் ரெக்டர் 63 மி.மீ. அகலமுள்ள தனிவகைப் படத்தில் எடுத்தார். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடிய அந்தப் படத்தில் இன்று எஞ்சியிருப்பவை துண்டுகள்தாம். 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன், வெள்ளையரான ஜிம் ஜெஃப்ரீஸைப் பதினைந்தாம் சுற்றில் வீழ்த்திய படம் நாட்டை உலுக்கியது. பல நகரங்கள் அதைத் தடை செய்தன. 1912-ல் குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்வதையே குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஒரு கறுப்பர் வெல்லும் காட்சியை மக்கள் காணக் கூடாது என்ற அச்சம் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

அந்தச் சட்டம் 1940 வரை நடைமுறையில் இருந்தது. ஆகவே டெம்ப்ஸி, டன்னி போட்டி நடந்த 1927-லும் அதன் படத்தை இல்லினாய் மாநில எல்லைக்கு வெளியே கொண்டுசெல்வது குற்றமே. இருந்தும் படங்கள் எல்லை தாண்டின. எடுத்துச் சென்றவர்கள் அபராதம் கட்டினார்கள், சிலர் மறைவாகக் கொண்டுபோனார்கள். முறையான காப்பகத்துக்குப் போயிருக்க வேண்டிய பிரதிகள் இவ்வாறு தனியார் பெட்டிகளிலும் கொட்டகைகளிலும் சிதறின. நெகட்டிவ்கள் நைட்ரேட் என்பதால் காலத்தாலும் தீயாலும் அழிந்தவை பல. அச்சிதறலைப் பின்னர் ஒன்றுசேர்த்தவர்களும் தனிமனிதர்களே. கைப்பந்துச் சுவராட்டத்தில் அமெரிக்க வாகையராக இருந்த ஜிம் ஜேக்கப்ஸ், போன இடமெல்லாம் பழைய குத்துச்சண்டைச் சுருள்களைத் தேடி வாங்கினார். தொலைக்காட்சிக்காக இதே வேலையைச் செய்துவந்த பில் கேட்டனுடன் அவர் இணைந்தபோது உலகின் மிகப்பெரிய குத்துச்சண்டைப் படச் சேகரிப்பு உருவானது. இவ்விருவரும் பின்னாளில் மைக் டைசனின் மேலாளர்களாகப் பரவலாக அறியப்பட்டனர். எனக்கு அவர்கள் முதலில் படச்சுருள்களைக் காத்தவர்கள். ஜேக்கப்ஸ் 1988-ல் காலமானார்; பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சேகரிப்பு இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் கைக்குச் சென்றது.

வேலைக்குத் திரும்புகிறேன். ஸ்கேன் செய்வதற்கான கருவியை நானே கட்டினேன். தொழில்முறைக் கூடங்களில் இரண்டிடம் விசாரித்தேன். சுருங்கிய படத்தை ஏற்க ஒன்று மறுத்தது, மற்றொன்று ஒட்டுகளை வெட்டிச் சீர்செய்ய அனுமதி கேட்டது. இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை. ராஸ்பெரி பை சிறு கணினி, அதற்குரிய 12.3 மெகாபிக்சல் கேமரா, புகைப்பட என்லார்ஜரிலிருந்து எடுத்துத் திருப்பி மாட்டிய 50 மி.மீ. லென்ஸ், பால்நிறக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளை எல்.இ.டி., ரப்பர் உறையிட்ட உருளையைச் சுழற்றும் ஸ்டெப்பர் மோட்டார் ஆகியவையே உறுப்புகள். பற்சக்கரம் எங்கும் கிடையாது. படம் உருளையின் பிடிமானத்தில் மட்டும் நகரும். துளை எங்கே இருக்கிறது என்பதைக் கேமராவின் படத்திலிருந்து மென்பொருள் கண்டறிந்து, அதை ஆதாரமாக வைத்து ஒவ்வொரு பிரேமையும் ஒரே இடத்தில் பொருத்தும். படம் முழுவதுமாக நின்ற பிறகே கேமரா சொடுக்கும். இந்தக் கேமராவின் உணரி படத்தை வரிவரியாகப் படிப்பதால், நகரும் படத்தை எடுத்தால் உருவங்கள் சாய்ந்துவிடும்.

முதல் ஓட்டத்தில் பிரேம்களின் குறுக்கே மங்கலான பட்டைகள் விழுந்தன. எல்.இ.டி.யின் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு நான் பயன்படுத்திய சுற்று, விளக்கை மிக விரைவாக அணைத்து அணைத்து ஏற்றும் வகையைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு கேமராவுக்குத் தெரிந்தது. மாறா மின்னோட்டம் தரும் சுற்றுக்கு மாற்றியதும் பட்டைகள் மறைந்தன. இரண்டாவது சிக்கல் படத்தின் வளைவு. சுருங்கிய அசிட்டேட் குறுக்குவாட்டில் ஓடுபோல் வளைந்திருந்ததால், நடுவில் டேவ் பேரியின் முகம் கூர்மையாக இருந்தால் ஓரத்தில் கயிறுகள் கலங்கின. கண்ணாடிகளுக்கு இடையே அழுத்தினால் புதிய கீறல்கள் விழும் என்பதால் அவ்வழியை விட்டுவிட்டேன். படம் செல்லும் பாதையை நீளவாட்டில் சற்றே வளைவாக அமைத்தேன். ஒரு திசையில் வளைத்தால் மறுதிசை வளைவு தளர்ந்து தட்டையாகிறது. லென்ஸின் திறப்பையும் எஃப் 8-க்குக் குறைத்த பின் ஓரங்கள் ஓரளவு தெளிந்தன. நொடிக்கு ஒரு பிரேம் என்ற வேகத்தில் முழுச் சுருளையும் எடுக்க நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. மொத்தம் 14,796 பிரேம்கள். நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் ஓட்டினால் பத்து நிமிடம் பதினாறு நொடி.

இனித்தான் நான் தேடிவந்த விஷயம் தொடங்குகிறது. டன்னி தரையைத் தொட்ட பிரேமிலிருந்து அவர் முழங்கால் தரையை விட்டு எழும் பிரேம்வரை எண்ணி, 24-ஆல் வகுத்தால் நொடி கிடைத்துவிடும் என்று பலரும் நினைக்கின்றனர். அவ்வாறு கிடைப்பது அச்சிட்ட கூடம் தீர்மானித்த நேரம்; அரங்கில் கழிந்த நேரம் வேறு. மௌனப் படக் காலத்தில் கேமராவின் வேகம் நிலையானதன்று. நொடிக்கு 16 பிரேம் முதல் 24 பிரேம்வரை எங்கும் இருந்திருக்கலாம். எடுத்துக்காட்டாக ஒரு நிகழ்ச்சி 300 பிரேம்களில் பதிவாகியிருந்தால், 16 வேகத்தில் அது 18.75 நொடி, 18 வேகத்தில் 16.7 நொடி, 20 வேகத்தில் 15 நொடி, 22 வேகத்தில் 13.6 நொடி, 24 வேகத்தில் 12.5 நொடி. நீண்ட எண்ணிக்கையைப் பற்றிய வாதங்களில் 14 என்றும் 17 என்றும் 18 என்றும் மாறி மாறி வரும் எண்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து. பிரேம்களின் எண்ணிக்கை உறுதியானது. நொடியோ நாம் அதன்மேல் ஏற்றும் அனுமானம்.

என் பிரதியில் இதற்கு மேல் இன்னொரு திரையும் இருந்தது. மெதுவாக எடுக்கப்பட்ட மௌனக் காட்சியை 24 வேகத்தில் ஓடும் ஒலிப்படமாக மாற்றும்போது உருவங்கள் பரபரவென்று ஓடும். அதைத் தடுக்கக் கூடங்கள் சில பிரேம்களை இருமுறை அச்சிட்டன; இரண்டு பிரேம்களுக்கு ஒன்றை இரட்டித்தால் 16 என்பது 24 ஆகிவிடும். இப்படி நீட்டப்பட்ட பிரதியில், அடுத்தடுத்த பிரேம்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் கணக்கிட்டால் ஒவ்வொரு மூன்றாவது வேறுபாடும் ஏறத்தாழப் பூஜ்யமாக இருக்க வேண்டும். நான் முதலில் கணக்கிட்டபோது எந்த ஒழுங்கும் தெரியவில்லை. பிரேம்கள் அரை பிக்சல் ஒரு பிக்சல் என்று மேலும் கீழும் ஆடியதால் ஒரே படத்தின் இரு அச்சுகளும் வேறுபட்டவைபோல் தோன்றின. துளையை வைத்து மட்டும் பொருத்தாமல், மேடையின் மூலைத் தூண்களையும் ஆதாரமாகக் கொண்டு மறுபடி பொருத்திய பிறகு வரைபடம் தெளிந்தது: ஒரு தாழ்வு, இரண்டு உயர்வு, ஒரு தாழ்வு, இரண்டு உயர்வு என்று ரூபக தாளம்போல் பிசகாமல் அடித்துக்கொண்டே சென்றது. தலைப்பு அட்டைகள் வரும் இடங்களில் எல்லாமே தாழ்வாக இருப்பது இயல்பு. அங்கே அசைவு கிடையாது.

இந்தத் தாளம் ஒரு பரிசையும் தந்தது. பழைய ஒட்டு இருக்கும் இடங்களில் தாளம் தப்பியது எதிர்பார்த்ததே. ஆனால் ஏழாம் சுற்றில், பேரி டெம்ப்ஸியை அனுப்பிவிட்டுத் திரும்பும் இடத்தருகே, என் சுருளில் எந்த ஒட்டும் இல்லாத ஒரு புள்ளியில் தாளம் தப்பியிருந்தது. அப்படியானால் அந்த வெட்டு என் சுருளில் நேர்ந்ததன்று. நீட்டி அச்சிட்ட பிறகு, என் பிரதிக்குத் தாயாக இருந்த நெகட்டிவில் யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். புதிய அச்சில் ஒட்டின் தழும்பு தெரியாமல் மறைந்துவிட்டது. தாளம் மட்டும் காட்டிக்கொடுத்தது. ஒலித்தடத்தையும் பார்த்தேன். 16 எம்.எம். படத்தில் ஒலி அதற்குரிய பிரேமுக்கு 26 பிரேம்கள் முன்னதாக அச்சாகியிருக்கும் என்பதால் அந்த இடைவெளியைக் கணக்கில் கொண்டு, ஸ்கேனில் பதிந்த தடத்தின் வடிவத்திலிருந்து மென்பொருளால் ஒலியை மீட்டுக் கேட்டேன். என் சுருளின் ஒட்டுகளில் வர்ணனையாளரின் பேச்சு அறுபட்டது. இந்த மறைந்த வெட்டின் மீது அவர் குரல் தடையின்றிக் கடந்து சென்றது. நீட்டி அச்சிட்டதற்குப் பின், வர்ணனை சேர்ப்பதற்கு முன் அந்த வெட்டு நேர்ந்திருக்கிறது என்று இதிலிருந்து உறுதியாகச் சொல்லலாம். அதுவும் எண்ணிக்கை தொடங்கும் இடத்திலேயே.

எத்தனை பிரேம்கள் போயின என்பதை என் பிரதியிடமிருந்து அறிய வழியில்லை. ஓகையோவில் வசிக்கும் ஒரு சேகரிப்பாளரிடம் இதே போட்டியின் 8 எம்.எம். மௌனப் பிரதி இருந்தது. அது மங்கலானது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே மாறுபாடு மிகுந்தது, முகங்கள் வெளிறியிருந்தன. நல்ல 16 எம்.எம். பிரதி கிடைத்தவர்கள் தூக்கி எறிந்துவிடும் வகையைச் சேர்ந்தது. அவர் எறியவில்லை, எனக்கு இரவல் தந்தார். அதற்கேற்பக் கருவியின் படப்பாதையை மாற்றி ஸ்கேன் செய்து, என் பிரதியிலிருந்து இரட்டைப் பிரேம்களை நீக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தினேன். 8 எம்.எம். பிரதியில் பிரேம்கள் இரட்டிக்கப்படவில்லை. அது வேறு வழியில் இறங்கிவந்த பிரதி. நான் தேடிய புள்ளியில் என்னிடம் இல்லாத ஐந்து பிரேம்கள் அதில் இருந்தன. பேரியின் வலக்கை தோளுக்கு மேல் உயர்வது அந்த ஐந்தில்தான் இருக்கிறது. தரத்தில் குறைந்த பிரதி என்று எதையும் ஒதுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவருவதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

ஐந்து பிரேம்களையும் அவற்றின் இடத்தில் சேர்த்த பிறகு, நொடிகளை விட்டுவிட்டு விகிதத்தை அளந்தேன். கேமராவின் வேகம் அந்தச் சில நொடிகளுக்குள் மாறவில்லை என்று கொண்டால், டன்னி விழுந்ததிலிருந்து பேரியின் கை முதன்முறை கீழிறங்கும்வரை உள்ள பிரேம்களுக்கும், விழுந்ததிலிருந்து எழுந்ததுவரை உள்ள மொத்தப் பிரேம்களுக்கும் இடையிலான விகிதத்தை எந்த வேகமும் மாற்றாது. என் அளவில் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாக வருகிறது. பேரியின் கை இறங்கும் அசைவுகளில் பெரும்பாலானவை தெரிகின்றன. அவை ஏறத்தாழ ஒரே இடைவெளியில் அமைந்துள்ளன. ஓர் அசைவு ஒரு நொடி என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 14 நொடிக்கு அருகில் வருகிறது, பீலர் ஐந்து வரை எண்ணியிருந்தார் என்ற விவரணையோடும் பொருந்துகிறது. ஆனால் இது பேரியின் கையையே கடிகாரமாகக் கொண்டு பேரியை அளப்பது. அதை நிரூபணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏழாம் சுற்று மணியிலிருந்து மணிவரை வெட்டின்றி இருக்கும் ஒரு பிரதி கிடைத்தால், மூன்று நிமிடம் என்ற சுற்றின் நீளமே கடிகாரமாகும்; அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

தாம் இன்னும் முன்னதாகவே எழுந்திருக்க முடியும் என்று டன்னி பிற்காலத்தில் கூறிவந்தார். அந்தப் பிரேம்களைப் பல நூறு முறை பார்த்தவன் என்ற முறையில், அதைப் படச்சுருளால் தீர்மானிக்க முடியாது என்று கருதுகிறேன். அவர் இடக்கை கயிற்றைப் பற்றியிருக்கிறது. தலை நடுவரை நோக்கித் திரும்புகிறது. அதற்குமேல் அவர் உடலுக்குள் என்ன நடந்தது என்பது எந்தப் பூச்சிலும் பதியவில்லை.

கோப்புகளைப் பொறுத்தவரை, ஸ்கேனில் வந்த 14,796 பிரேம்களும் கீறல், தூசி, இரட்டிப்பு எதையும் தொடாமல் மூலக்கோப்பாக வைக்கப்பட்டுள்ளன. இரட்டிப்பை நீக்கியது, 8 எம்.எம். பிரேம்களைச் சேர்த்தது ஆகிய இரண்டும் தனித்தனிக் கோப்புகள். சேர்த்த ஐந்து பிரேம்களின் மூலையில் ஒரு சிறு குறி இட்டிருக்கிறேன், பிற்காலத்தில் எவரும் அவற்றை ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. நிறம் ஏற்றவும், இடைப் பிரேம்களைக் கணினியால் உருவாக்கி நொடிக்கு அறுபதாக்கவும் சிலர் ஆலோசனை கூறினர். கண்ணுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் எந்தக் கேமராவும் காணாத பிரேம்களைச் சாட்சியத்துக்குள் நுழைப்பதை என்னால் ஏற்க முடியாது. 1927-ல் வெளியான படைப்புகள் 2023 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமையாகிவிட்டன. ஆகவே மௌனக் காட்சியைப் பகிர்வதற்குத் தடையில்லை. வர்ணனை பிந்தையது என்பதால் பகிரும் கோப்பில் ஒலியை விட்டுவிட்டேன்.

சுருள் இப்போது துருப்பிடித்த டப்பாவில் இல்லை. அமில ஆவி வெளியேறுவதற்குத் துவாரங்களுள்ள பாலிபுரொப்பிலீன் டப்பாவில், தளர்வாகச் சுற்றப்பட்டு, அமிலத்தையும் ஈரத்தையும் உறிஞ்சும் பொட்டலங்களோடு இரண்டு உறைகளுக்குள் மூடி, இதற்கென்றே வாங்கிய சிறிய குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்திருக்கிறேன். வெளியே எடுத்தால் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் அறையில் வைத்திருந்து, வெப்பம் சமமான பிறகே திறக்க வேண்டும். இல்லையேல் படத்தின் மீது ஈரம் படியும். உரித்தெடுத்த ஒன்பது பழைய நாடாத் துண்டுகளையும் எண் இட்டு ஒரு காகித உறையில் போட்டு, எந்த ஒட்டு எந்தப் பிரேமில் இருந்தது என்ற பட்டியலோடு, துருப்பிடித்த மூடியையும் சேர்த்துத் தனியே வைத்திருக்கிறேன். அந்த மூடியில் இருக்கும் பென்சில் எழுத்து யாருடையது என்று அக்குடும்பத்தாருக்குத் தெரியவில்லை. அடுத்த ஏ-டி பட்டையை வரும் ஏப்ரலில் வைக்க வேண்டும்.